பீரோ நிறைய துணி, உடுத்துவது மட்டும் அதே நாலு: காந்தி தன் உடையை மாற்றிக்கொண்டே வந்தது ஏன்?

வடக்கனந்தலில் காலையில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக நிற்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பேங்க், ஸ்கூல், மெடிக்கல் ஷாப், கலெக்டர் ஆபீஸ் என்று ஆளுக்கு ஒரு வேலை. ஆனால் உடை? பெரும்பாலான ஆண்களுக்குக் கட்டம் போட்ட சட்டை, கறுப்பு பேன்ட். பெண்களுக்குத் துவைத்துத் துவைத்துக் கட்டும் அதே நாலு சுடிதார் அல்லது அதே நாலு புடவை. இங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ஐ.டி. வேலைக்குப் போனவர்களின் நிலையும் இதுதான். சட்டைக்குப் பதில் டி-ஷர்ட், அவ்வளவுதான்.

துணி இல்லாமல் இல்லை. பீரோ நிறைய இருக்கிறது. தீபாவளிக்கு எடுத்தது, ஆன்லைன் ஆஃபரில் வாங்கியது, கல்யாணத்துக்கு வந்தது எல்லாம் மடித்தபடியே கிடக்கும். கை மட்டும் அதே நாலு உருப்படிக்குத்தான் போகும். சலிப்பாக இருக்கிறதே என்று புதிதாக வாங்கினால், அதுவும் பழைய நிறத்திலேயே வந்து சேரும்.

இதில் சிக்கியவர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம் இரண்டு. ஒன்று, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். இன்னொன்று, எங்கே தொடங்குவது என்று தெரியாதது. இந்த இரண்டையும் வாழ்நாள் முழுக்கச் சந்தித்த ஒருவர், தன் உடையை எப்போது, ஏன் மாற்றினார் என்று தானே எழுதியும் வைத்திருக்கிறார். அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

ரூபாய் நோட்டில் பார்த்துப் பார்த்து, அவர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தார் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்தத் தோற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு 51 வயது. அதற்கு முன்னால் என்னவெல்லாம் போட்டிருந்தார்?

லண்டன்: 10 பவுண்ட் சூட்

1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்த காந்தி, சட்டம் படிக்க 1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 18. கப்பலில் கறுப்பு சூட்டில் இருந்தார். இறங்கும்போது நன்றாக இருக்கட்டும் என்று வெள்ளை ஃபிளானல் உடை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். இங்கிலாந்தில் இறங்கிப் பார்த்தால், வெள்ளையில் நிற்பது அவர் ஒருவர்தான். பெட்டிகளும் சாவியும் ஏஜென்ட்டிடம் போய்விட்டன. மறுநாள் ஞாயிறு என்பதால் உடனே மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. கல்யாணத்துக்கு என்று உடுத்திப் போன உடையோடு துக்க வீட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்திருக்கும்.

அடுத்து அவர் செய்தது, நம்மில் பலரும் முதல் சம்பளத்தில் செய்வதுதான். பம்பாயில் தைத்தவை லண்டனுக்குப் பொருந்தாது என்று ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸில் புது உடைகள் வாங்கினார். 19 ஷில்லிங்குக்கு உயரமான தொப்பி. பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டுக்கு மாலை நேர சூட். அண்ணனுக்கு எழுதி, தங்கத்தில் இரட்டை வாட்ச் செயின். டை கட்டவும் தலை வாரவும் தினமும் 10 நிமிடம் கண்ணாடி முன்னால் நின்றார். நடன வகுப்பு, வயலின், மேடைப் பேச்சுப் பயிற்சி என்று கட்டணம் கட்டிச் சேர்ந்தார்.

இந்த மோகம் சுமார் 3 மாதம் ஓடியது. அண்ணன் அனுப்பும் பணத்தில் படிக்க வந்தவன் என்ற நினைப்பு வந்ததும் வகுப்புகளை நிறுத்தினார். பைசா பைசாவாகக் கணக்கு எழுதத் தொடங்கினார். ஆனால் உடுத்துவதில் இருந்த கவனம் மட்டும் பல வருடம் போகவில்லை. முதல் கட்டத்தில் அவர் உடுத்தியது, இங்கிலீஷ்காரர்கள் தன்னைத் தங்களில் ஒருவராகப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

டர்பன்: தலைப்பாகையும் கஞ்சி காலரும்

1893-ல் ஒரு வழக்கு வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். கோட்டும் தலைப்பாகையும்தான் அப்போது அவருடைய உடை. டர்பன் கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். காந்தி மறுத்து வெளியே வந்துவிட்டார். விஷயம் பத்திரிகைகளில் விவாதமானது. இந்த வம்பே வேண்டாம், இங்கிலீஷ் தொப்பி போட்டுவிடலாமா என்றும் யோசித்தார். அவரை வரவழைத்த வியாபாரி தாதா அப்துல்லா அதை ஏற்கவில்லை. அந்த ஊரில் தொப்பி வைத்த இந்தியர் என்றால் ஹோட்டல் பணியாளர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு துண்டுத் துணியில் இத்தனை அர்த்தம் இருப்பதைக் காந்தி பார்த்தது அங்கேதான்.

அடுத்த வருடம் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது தலைமை நீதிபதி அதே கோரிக்கையை வைத்தார். இந்த முறை காந்தி கழற்றினார். நண்பர்களுக்கு வருத்தம். அதைவிடப் பெரிய சண்டைகள் முன்னால் இருக்கின்றன, பலத்தை இதில் வீணாக்க வேண்டாம் என்பது அவர் முடிவு.

கூச்சம் விட்டுப் போனதற்கும் ஒரு கதை இருக்கிறது. சலவைச் செலவு அதிகம் என்று புத்தகம் வாங்கிப் படித்து, தானே துவைத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். முதல் காலரில் கஞ்சி அதிகமாகிவிட்டது. கருகிவிடுமோ என்ற பயத்தில் இஸ்திரியையும் சரியாக அழுத்தவில்லை. கோர்ட்டில் நிற்கும்போது காலரிலிருந்து கஞ்சி உதிர, சக வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார முடிதிருத்துநர் வெட்ட மறுத்தபோது, மெஷின் வாங்கித் தானே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் அலங்கோலம். அதற்கும் சிரிப்பு. கேலியைத் தாங்கிப் பழகியது, 1921-ல் மதுரையில் கைகொடுத்தது.

இந்தக் காலத்தில் அவர் நடந்துகொண்டதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. 1896-ல் குடும்பத்தைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது, நாகரிகமாகத் தெரிய வேண்டும் என்று கஸ்தூர்பாவைப் பார்சி பாணியில் புடவை கட்ட வைத்தார். பிள்ளைகளுக்குப் பார்சி கோட், பேன்ட். எல்லோருக்கும் ஷூவும் சாக்ஸும். கால் புண்ணானது, சாக்ஸ் நாறியது. அவர்கள் மறுத்தும் அவர் விடவில்லை. வீட்டுத் தலைவர் என்ற அதிகாரத்தில்தான் அப்படிச் செய்ய வைத்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார்.

கூலித் தமிழர்களின் உடை

இங்கே நம்ம பக்கத்துச் சம்பந்தம் வருகிறது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் சென்னையிலிருந்து போய் 1860 நவம்பரில் டர்பனை அடைந்தது. அதன் பிறகு பல்லாண்டுகள் வடாற்காடு, செங்கல்பட்டு, தென்னாற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். இன்றைய கள்ளக்குறிச்சி அன்று தென்னாற்காட்டில்தான் இருந்தது.

1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். கிழிந்த துணி, முதலாளி அடித்ததில் உடைந்த இரண்டு முன்பற்கள், வாயில் ரத்தம். தலையில் கட்டியிருந்த துணியைக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனால் கூலிகள் முண்டாசைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கோட்டு போட்ட காந்தியிடமும் அவர் அப்படியே வந்தார். காந்தி முதலில் அந்த முண்டாசைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு டாக்டர், மாஜிஸ்ட்ரேட் என்று அலைந்து, பாலசுந்தரத்தை வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார்.

இது நடந்து 19 வருடம் கழித்து, 1913-ல் கூலிகள் மீதான 3 பவுண்ட் வரியை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சுரங்கத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். தமிழ்ப் பெண்கள் பலர் சிறை சென்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்த காந்தி, டர்பன் கூட்டத்தில் கோட்டு சூட்டில் வரவில்லை. கூலித் தொழிலாளி மாதிரி லுங்கியும் நீண்ட குர்தாவுமாக, செருப்பில்லாமல் நின்றார். இறந்தவர்களுக்கான துக்கம் அது. தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை சிறையில் வந்த காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16.

லண்டனில் மேலே இருப்பவர்களைப் பார்த்து உடுத்தியவர், இங்கே தன்னை நம்பி வந்தவர்களைப் பார்த்து உடுத்தினார். அதன் பிறகு கோட்டு சூட்டு அவருடைய அன்றாட உடையாகத் திரும்பவே இல்லை.

10 அணா தொப்பி, 17 அணா கதர்

1915 ஜனவரியில் பம்பாயில் இறங்கும்போது சொந்த ஊரான கத்தியவார் பாணிக்கு மாறியிருந்தார். சட்டை, வேட்டி, மேலங்கி, வெள்ளைத் துண்டு, எல்லாம் இந்திய மில் துணி. ஆனால் ரயிலில் மூன்றாம் வகுப்பில் போகப் போகிறோம், இத்தனை துணி சுமையாக இருக்குமே என்று மேலங்கியையும் துண்டையும் விட்டுவிட்டு, 8 அணாவோ 10 அணாவோ கொடுத்து ஒரு காஷ்மீரித் தொப்பி வாங்கிக்கொண்டார்.

1917-ல் பீகாரின் சம்பாரணில் ஒரு கிராமத்துப் பெண்கள் அழுக்குப் புடவையுடன் இருப்பதைப் பார்த்து, துவைத்துக் கட்டச் சொல்லுமாறு கஸ்தூர்பாவை அனுப்பினார். போன இடத்தில் ஒரு பெண் குடிசைக்குள் அழைத்துக் காட்டினார். உள்ளே பெட்டி இல்லை, அலமாரி இல்லை, மாற்றுப் புடவையும் இல்லை. கட்டியிருந்தது ஒன்றுதான். அதைத் துவைக்கப் போட்டால் எதைக் கட்டுவது?

அடுத்து கதர். அப்போது ராட்டையே கிடைக்கவில்லை. கங்காபென் மஜ்முதார் என்ற பெண்மணி தேடித் தேடிக் குஜராத்தின் விஜாப்பூரில் கண்டுபிடித்தார். ஆசிரமத்தில் நெய்த முதல் கதர் கெஜம் 17 அணா. அதாவது ஒரு ரூபாய்க்கும் மேல். நெய்த துணி அகலமும் குறைவு. 45 அங்குல அகல வேட்டி ஒரு மாதத்தில் கிடைக்காவிட்டால் குட்டை வேட்டியே கட்டிக்கொள்வேன் என்று காந்தி கெடு வைத்தார். கங்காபென் மாதம் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்.

மதுரை, 1921 செப்டம்பர் 22

1921-ல் அந்நியத் துணிப் புறக்கணிப்பு உச்சத்தில் இருந்தது. செப்டம்பர் 30-க்குள் முழுமையாக்க வேண்டும் என்று இலக்கு. ஜூலை 31 அன்று பம்பாயில் அந்நியத் துணிகளைக் குவித்து எரித்தார்கள். ஆனால் ஊர் ஊராகப் போனபோது காந்தியிடம் மக்கள் சொன்ன கஷ்டம் ஒன்றுதான். கதர் விலை அதிகம், எங்களால் முடியாது. அவர் சொன்ன வழி, குறைவாக உடுத்துங்கள் என்பது. ஆனால் அதைச் சொல்லும்போது அவரே தொப்பி, சட்டை, முழு வேட்டியோடு இருந்தார். அந்த முரண் அவரை உறுத்தியது.

உடனே மாறிவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வங்காளத்தின் குல்னாவில் பஞ்சச் செய்தி கேட்டபோது ஒரு முறை தோன்றியது. செப்டம்பர் 14 அன்று வால்டேரில் மௌலானா முகமது அலி கண் முன்னால் கைதானபோது இன்னொரு முறை. இரண்டு முறையும் தள்ளிப்போட்டார். நாடகம் என்று நினைப்பார்களோ, நாகரிகமில்லை என்பார்களோ என்ற தயக்கம். பஸ் ஸ்டாப்பில் நமக்கு வரும் அதே கூச்சம்தான்.

மதுரையில் மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கினார். செப்டம்பர் 22 காலையில் வெளியே வந்தபோது தொப்பியும் சட்டையும் இல்லை. முழங்கால் அளவுக்கு ஒரு முழத்துண்டு, தேவைப்பட்டால் மேலே ஒரு போர்வை. உடன் வந்த ராஜாஜிக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தக் கோலத்தில் அவர் முதலில் மக்கள் முன் தோன்றிய இடம் இன்று மதுரையில் காந்தி பொட்டல் என்று அழைக்கப்படுகிறது.

வெளியிட்ட அறிவிப்பில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. முதலாவது, இது அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் சொன்னார். ஐந்தாறு வாரப் பரிசோதனை. வாழ்நாள் சபதம் எதுவும் எடுக்கவில்லை. இரண்டாவது, மற்றவர்களும் இப்படி உடுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்று தெளிவாக எழுதினார். பார்சி கோட்டைப் பிள்ளைகள் மீது திணித்தவர் 25 வருடத்தில் கற்றுக்கொண்டது அது.

அக்டோபர் 31 வந்தது, போனது. அவர் பழைய உடைக்குத் திரும்பவில்லை.

மறுபடியும் லண்டன்

1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காக, காங்கிரஸின் ஒரே பிரதிநிதியாக லண்டன் போனார். அங்கே இலையுதிர் காலக் குளிர். அரையாடையும் போர்வையும்தான். கிழக்கு லண்டனில் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்த தேநீர் விருந்துக்கும் அதே உடையில் போனார். இந்தியாவின் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்த லங்காஷயர் மில் தொழிலாளர்களை நேரில் போய்ப் பார்த்தார். அவர்கள் அன்பாகவே வரவேற்றார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சர்ச்சில் அவருடைய உடையை ஏளனம் செய்திருந்தார். 1888-ல் வெள்ளை ஃபிளானலுக்காக அதே நாட்டில் வெட்கப்பட்டவரை அது அசைக்கவில்லை.

இதற்கு மறுபக்கம் இல்லையா?

இருக்கிறது. அதே மாநாட்டில் டாக்டர் அம்பேத்கர் நேர்த்தியான சூட்டில் உட்கார்ந்திருந்தார். நல்ல துணி உடுத்தக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்று தலைமுறைகளாகத் தடுக்கப்பட்ட மக்களிலிருந்து வந்தவர் அவர். தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகவே பல வருடம் போராடி, 1859-ல்தான் அரசு ஆணை பெற்றார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கோட்டு போடுவதே சுயமரியாதை. குறைவாக உடுத்துவது, நிறைய வைத்திருந்தவர் எடுத்த முடிவு. இல்லாதவருக்கு அது தலையெழுத்தாக இருந்தது. இருவரின் உடையும் எதிரெதிர். ஆனால் யாருக்காக உடுத்துகிறோம் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

துணிகளை எரித்ததை ரவீந்திரநாத் தாகூரும் ஏற்கவில்லை. உடுத்தத் துணியில்லாதவர்கள் இருக்கும் நாட்டில் எரிப்பது சரியா என்ற அவருடைய கேள்வி இன்றும் நியாயமானதுதான்.

சரி, நமக்கு இதில் என்ன?

யாரும் அரையாடைக்கு மாற வேண்டியதில்லை, அவரே அதைக் கேட்கவில்லை. ஆனால் அவர் மாறிய விதத்தில் நமக்கு உதவுவது சில இருக்கிறது.

- கடைக்குப் போவதற்கு முன் கேள்வி: இந்த நாலு உருப்படியை யாருக்காக உடுத்துகிறேன்? முதல் வேலையின் மேனேஜருக்காகத் தொடங்கிய கறுப்பு பேன்ட், அந்த வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகியும் தொடர்கிறதா?

- முழுதாக மாற்றத் தேவையில்லை: 1915-ல் இரண்டு உருப்படியை விட்டார், ஒரு தொப்பி வாங்கினார். அவ்வளவுதான். பீரோவில் தூங்கும் கைத்தறிச் சட்டையோ சுங்குடிப் புடவையோ ஒன்று போதும்.

- கெடு வையுங்கள்: வாரத்தில் ஒரு நாள், ஐந்து வாரம் என்று தொடங்கலாம். பிடிக்காவிட்டால் பழையதுக்குத் திரும்பலாம் என்று தெரிந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

- முதல் நாள் சிரிப்பு வரும்: கஞ்சி காலருக்கே வந்தது. இரண்டாவது வாரம் யாரும் கவனிக்கப் போவதில்லை.

- அடுத்தவர் மீது திணிக்காதீர்கள்: நீங்கள் மாறிவிட்டதால் மனைவியோ, கணவரோ, பிள்ளைகளோ மாற வேண்டும் என்பதில்லை.

மதுரைப் பக்கம் போனால், மேலமாசி வீதியில் அவர் தங்கிய வீடு இருக்கிறது. அங்கே இப்போது கதர் விற்பனை நடக்கிறது. 1959-ல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகமும் அதே ஊரில்தான். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணியை அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஐந்தாறு வாரத்துக்கு என்று அதே ஊரில் தொடங்கிய உடையை 26 வருடத்துக்கும் மேலாக, கடைசி நாள் வரை அவர் மாற்றவில்லை.